நூற்றுக்கு நூற்று நான்கு

எங்கள் நிறுவனத்தின் குடியிருப்புக்குப் புதிய எண்ணெய்க் கொதிகலன் வாங்கப்போகிறார்கள். சென்ற வாரம் வந்த சுற்றறிக்கையில், தேர்வு செய்யப்பட்டிருப்பது ‘ஆவி ஒடுக்க வகையைச் சேர்ந்த, 104 விழுக்காடு செயல்திறன் கொண்ட உயர்திறன் டீசல் கொதிகலன்’ என்றும், ஆண்டு எரிபொருள் செலவில் 23 விழுக்காடு மீதமாகும் என்றும் எழுதியிருந்தது. கீழே ஐந்து பேராசிரியர்களின் கையொப்பங்கள். ஐவரும் ஆய்வு நெறியாளர்கள். தம் மாணவர் ஒருவர் நூற்றுக்கு 104 என்று ஆய்வேட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தால், வாய்மொழித் தேர்வுக்கு முன்பே அந்த இயலைக் கிழித்துத் திருப்பியிருப்பார்கள். விற்பனை முகவரின் வழவழப்பான தாளில் அதே எண் அச்சாகி வந்ததும் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

சமவெளி நண்பர்களுக்காக ஒரு விளக்கம். நான் இருப்பது லடாக்கில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில். ஜனவரி இரவுகளில் வெளி வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 15 பாகை வரை இறங்குவது இங்கே செய்தியே அன்று. வீட்டைச் சூடாக்குவது வசதி அன்று, உயிர்ப் பிரச்சினை. எங்கள் குடியிருப்பில் நடுவே ஓர் அறையில் டீசல் எரிகிறது. அது சூடாக்கும் நீர் குழாய்கள் வழியே ஒவ்வொரு வீட்டின் ரேடியேட்டருக்கும் சென்று, வெப்பத்தை இழந்து திரும்புகிறது. ‘கொதிகலன்’ என்று எல்லோரும் அழைக்கும் அந்தப் பெட்டிக்குள் எதுவும் கொதிப்பதில்லை. 70 பாகையில் புறப்பட்டு 50 பாகை அளவில் நீர் திரும்பும், அவ்வளவுதான். பெயரே தவறாக இருக்கும் பொருளின் எண்ணிக்கையிலாவது நாம் கவனமாக இருந்திருக்க வேண்டும்.

104 எப்படி வந்தது? டீசல் எரியும்போது அதிலுள்ள ஹைட்ரஜன் நீராவியாகிறது. அந்த ஆவி புகைபோக்கி வழியே வெளியேறினால், தனக்குள் இருக்கும் உள்ளுறை வெப்பத்தையும் கொண்டுபோய்விடும். போகட்டும் என்று விட்டுவிட்டுக் கணக்கிடுவது நிகர வெப்ப மதிப்பு. அதையும் சேர்த்துக் கணக்கிடுவது மொத்த வெப்ப மதிப்பு. டீசலைப் பொறுத்தவரை இரண்டுக்கும் ஏறத்தாழ 6 விழுக்காடு வேறுபாடு. ஒடுக்க வகைக் கொதிகலன் புகையைக் குளிர்வித்து, ஆவியை நீராக்கி, அந்த உள்ளுறை வெப்பத்தையும் கறந்துகொள்கிறது. கறந்ததைத் தொகுதியில் சேர்த்துவிட்டு, வகுக்கும் எண்ணாக மட்டும் நிகர மதிப்பையே வைத்துக்கொண்டால் நூற்றைத் தாண்டலாம். மொத்த மதிப்பால் வகுத்தால் அதே 104 என்பது 98 ஆகிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 செப்டம்பர் முதல் அறைச் சூடேற்றும் கருவிகளுக்கு ஒட்டப்படும் ஆற்றல் முத்திரை மொத்த மதிப்பின் அடிப்படையிலேயே கணக்கிடப்படுகிறது. எண்ணெய்க் கொதிகலனுக்கு நூற்றைத் தாண்டிய எண்ணை எழுத அங்கே இடமில்லை. கணக்குக் கேட்கப்படும் சந்தையில் ஓர் எண், கேட்கப்படாத சந்தையில் வேறோர் எண்.

இதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். வகுக்கும் எண்ணைச் சொல்லாமல் விடுவது பொய்யைவிடத் திறமையான செயல். அதைக் கேட்டுப் பெறுவதற்காகத்தான் நம்மைப் போன்றோருக்கு அரசு உதவித்தொகையும் ஊதியமும் தருகிறது என்று நினைத்திருந்தேன்.

சரி, 98 என்றே வைத்துக்கொள்வோம். அதுவும் நல்ல எண்தான். ஆனால் அது எந்த நிலையில் கிடைக்கும்? புகையிலுள்ள ஆவி நீராக வேண்டுமெனில், அதைத் தொடும் பரப்பு பனிநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்க வேண்டும். டீசல் புகைக்குக் கடல்மட்டத்தில் பனிநிலை ஏறத்தாழ 47 பாகை. ரேடியேட்டர்களிலிருந்து திரும்பி வரும் நீர் அதைவிடக் குளிர்ந்திருந்தால்தான் ஒடுக்கம் நடக்கும். சென்ற ஜனவரியில் எங்கள் கொதிகலன் அறையின் திரும்பு குழாயில் வெப்பமானியைக் கட்டிவைத்து 19 நாட்கள் குறித்தேன். விடியற்காலையில் 54, 55. வெயில் ஏறிய நண்பகலிலும் 48க்குக் கீழே இறங்கவில்லை. ஆக, கடல்மட்டத்திலேயே இந்தக் கலன் எங்கள் குழாய்களோடு இணைந்தால் ஒடுக்காது.

நாம் கடல்மட்டத்திலும் இல்லை. இதைச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை, முகவரும் சொல்லவில்லை. இயற்பியல் பட்டம் பெற்றவர்கள் நிறைந்த ஓர் அவையிலும் யாரும் எழுப்பவில்லை. பனிநிலை என்பது ஆவியின் பகுதியழுத்தத்தைச் சார்ந்தது. இங்கே வளிமண்டல அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 65 விழுக்காடு. புகையில் ஆவியின் பங்கு மாறாது. மொத்த அழுத்தம் குறைவதால் அதன் பகுதியழுத்தம் குறைகிறது. நிறைநிலை ஆவியழுத்த அட்டவணையை எடுத்துப் பாருங்கள்: 47 பாகை என்பது இங்கே ஏறத்தாழ 39 பாகைக்கு இறங்கிவிடுகிறது. இளநிலைப் பட்ட மாணவர் பத்து நிமிடத்தில் போட்டு முடிக்கும் கணக்கு இது. 39 பாகைக்குக் கீழே நீர் திரும்பினாலொழிய, இந்த உயரத்தில் ‘ஒடுக்க வகை’ என்பது கலனின் மேல் ஒட்டிய பெயர்ப்பலகை மட்டுமே.

ஒடுங்காத நிலையில் அந்தக் கலன் எவ்வளவு தரும்? நல்ல சாதாரணக் கொதிகலன் தருவதைத்தான்: நிகர மதிப்பில் சுமார் 94. பழைய கலனின் புகையைப் பகுத்துப் பார்த்தபோது 80 வந்தது. 80லிருந்து 104க்குப் போனால் எரிபொருள் 23 விழுக்காடு குறையும்; சுற்றறிக்கையின் கணக்கு இதுதான். 80லிருந்து 94க்குப் போனால் குறைவது 15 விழுக்காடு. அந்தப் பதினைந்தை ஒடுக்க வகைக்கான கூடுதல் விலை கொடுக்காமலே வாங்கியிருக்கலாம்.

ஒருவேளை ஒடுங்கியே தீர்ந்தது என்று வையுங்கள். திரளும் நீர் அமிலத்தன்மை உடையது. அதை நடுநிலைப்படுத்தி வெளியேற்ற ஒரு வடிகுழாய் வேண்டும். வரைபடத்தில் அந்தக் குழாய் வடக்குச் சுவரின் வெளிப்புறமாக இறங்குகிறது. சுழியத்துக்குக் கீழே 15 பாகையில் அது உறையும். உறைந்து அடைத்ததும் கலன் தானாகவே நின்றுவிடும். நீர் திரளாவிட்டால் பணம் வீண், திரண்டால் நள்ளிரவில் வீடுகள் குளிரும். எரிப்பானைப் பற்றியும் ஒரு சொல்: ஒரு கனமீட்டர் காற்றில் இங்கே கடல்மட்டத்தைவிட மூன்றில் ஒரு பங்கு ஆக்சிஜன் குறைவு. அதற்கேற்ப எரிபொருளைக் குறைக்கவோ விசிறியைப் பெரிதாக்கவோ செய்யாத எரிப்பான் கரியையும் கார்பன் மோனாக்சைடையும் கக்கும். விலைப்புள்ளி ஆவணத்தில் ‘உயரம்’ என்ற சொல்லைத் தேடினேன். புகைபோக்கியின் உயரத்தைக் குறிக்க ஒரே ஓர் இடத்தில் வந்திருந்தது.

இனி உண்மையான கேள்விக்கு வருகிறேன். கொதிகலன் எவ்வளவு திறமையாக வெப்பத்தை உண்டாக்குகிறது என்று ஓராண்டாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். உண்டான வெப்பம் எங்கே போகிறது என்று எவரும் கேட்கவில்லை.

எங்கள் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். காப்பில்லாத சுவர் 90 சதுர மீட்டர், வெப்பக் கடத்து மதிப்பு 2. ஒற்றைக் கண்ணாடிச் சன்னல்கள் 14 சதுர மீட்டர், மதிப்பு 5.7. காப்பில்லாத கான்கிரீட் கூரை 60 சதுர மீட்டர், மதிப்பு 3. உள்ளே 18 பாகை, வெளியே சுழியத்துக்குக் கீழே 15, வேறுபாடு 33. பெருக்குங்கள்: சுவர் வழியே சுமார் 5.9 கிலோவாட், சன்னல் வழியே 2.6, கூரை வழியே மீண்டும் 5.9. காற்றுக் கசிவைச் சேர்க்காமலே 14.5 கிலோவாட் இடைவிடாமல் வெளியே ஓடிக்கொண்டிருக்கிறது. கூரையின் மேல் 100 மில்லிமீட்டர் கனத்துக்குக் கண்ணாடிக் கம்பளியோ அதற்கு நிகரான காப்போ போட்டு, மழைநீரும் பனிநீரும் புகாமல் மூடினால் அதன் கடத்து மதிப்பு 0.4க்கு வந்துவிடும். கூரை இழப்பு 5.9லிருந்து 0.8 கிலோவாட்டாகக் குறையும். ஒரே வேலையில் மொத்த இழப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. கசிவைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் அந்த மூன்றில் ஒரு பங்கு நிற்கும். அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லாத, பராமரிப்பு ஒப்பந்தம் தேவைப்படாத, டீசல் குடிக்காத ஒரு மெத்தை, உயர்திறன் கொதிகலன் தருவதாகச் சொல்லும் 23ஐயும் உண்மையில் தரும் 15ஐயும் தாண்டிவிடுகிறது.

இது என் கண்டுபிடிப்பு அன்று. ஆற்றல் திறன் பணியகம் 2018இல் வெளியிட்ட எகோ நிவாஸ் சம்ஹிதா என்னும் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, கூரையின் கடத்து மதிப்பு 1.2ஐத் தாண்டக்கூடாது என்கிறது. குளிர்ப் பகுதிகளில் கூரை நீங்கலான உறைக்கு 1.8 வரம்பு. அது புதிய கட்டடங்களுக்கானது, எங்கள் பழைய கட்டடத்தைச் சட்டப்படி கட்டாது என்பது சரியே. இயற்பியல் கட்டும்.

நான் முன்பு வாடகைக்கு இருந்த வீட்டின் ஆமா-லே பள்ளிக்கூடம் போனவர் அல்லர். பாப்ளர் உத்தரம், அதன்மேல் வில்லோ குச்சிகள், வைக்கோல், மண் என்று அடுக்கிய கூரை அவருடையது. அதன்மேல் மாட்டுத் தீவனமும் விறகும் குளிர்காலம் முழுவதும் அடுக்கப்பட்டிருக்கும். பனி பெய்த மறுநாள் எங்கள் குடியிருப்பைச் சுட்டிக்காட்டி அவர் சிரித்தார்: “நோனோ, உங்கள் கூரையில் மட்டும் பனி நிற்பதே இல்லையே, வானத்தையும் சூடாக்குகிறீர்களா?” அவர் வீட்டுக் கூரையில் பனி நான்கு நாட்கள் கிடந்தது. எங்கள் கான்கிரீட் கூரை முற்பகலிலேயே வழித்துவிட்டாற்போல் ஈரமாக இருந்தது. அகச்சிவப்புப் படக்கருவி வாங்க விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்த நான் அதைக் கிழித்துப் போட்டேன்.

தெற்கு நோக்கிய கண்ணாடி அறையான ஷெல்காங் இங்கே வசதி படைத்த வீடுகளில் மட்டும் இருப்பதன்று. பகல் வெயிலைப் பிடித்து வைக்க நெகிழித் தாளைக் கட்டியாவது ஒன்றை அமைத்துக்கொள்கிறார்கள். பே கிராமத்தில் உள்ள செக்மோல் வளாகம் மண் சுவரையும் தெற்கு வெயிலையும் நம்பியே குளிர்காலத்தைக் கடக்கிறது. அதன் கட்டடம் 2016இல் லியோனில் மண் கட்டடக் கலைக்கான டெர்ரா விருதைப் பெற்றது. ஷே கிராமத்துப் பள்ளியொன்றில் டிராம்ப் சுவர்களைப் பார்க்கலாம்: கருப்புப் பூசிய கனத்த சுவர், அதற்கு முன்னே கண்ணாடி, பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் அறைக்குள் விடும் ஏற்பாடு. நம் வளாகத்துத் தெற்குச் சுவரில் இருப்பது நிறுவனத்தின் பெயரும் இலச்சினையும். குளிர்சாதனப் பெட்டியின் வெளிக்கூடு போல மீதிச் சுவர் வெறுமையாக வெயில் காய்கிறது.

பிறகு ஏன் கொதிகலன்? காரணம் அறியாமை மட்டும் அன்று. கொதிகலன் ‘கருவிகள்’ என்ற நிதித் தலைப்பில் வருகிறது. கூரைக் காப்பு ‘கட்டுமானப் பணி’ என்ற தலைப்பில் வருகிறது. முதல் தலைப்பில் பணம் இருக்கிறது, மார்ச் 31க்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப்போய்விடும். இரண்டாவதற்குத் தனி ஒப்புதல், தனி மதிப்பீடு, தனிக் குழு. மேலும் இங்கே கூரை வேலை செய்ய மே முதல் செப்டம்பர் வரைதான் காலம். நிதியாண்டு முடிவதோ கடுங்குளிர் விலகாத மார்ச்சில். கொதிகலனை எந்த மாதத்திலும் வாங்கலாம், நாடா வெட்டித் திறக்கலாம், படம் எடுக்கலாம். கூரைக்கு மேல் போட்ட மெத்தையை எந்த விருந்தினரும் வந்து திறந்துவைக்க மாட்டார். நாட்டின் உயர்கல்வி நிறுவனங்கள் பலவற்றில் பூட்டிய அறைக்குள் கிடக்கும் விலையுயர்ந்த கருவிகளை நினைத்துப் பாருங்கள். நம் கொதிகலனும் அந்த வரிசையில் வருகிறது. ஒரே வேறுபாடு, இது பூட்டிக் கிடக்காமல் ஒவ்வொரு நாளும் எரிக்கும்.

எண்ணெயே வேண்டாம், மின்சார வெப்ப எக்கியைப் போடுங்கள் என்று சில இளம் நண்பர்கள் எழுதியிருக்கிறார்கள். நார்வே 2020 முதல் கட்டடங்களைக் கனிம எண்ணெயால் சூடாக்குவதைத் தடை செய்துவிட்டது. பிரான்சில் 2022 ஜூலை முதல் புதிய எண்ணெய்க் கொதிகலன் பொருத்த முடியாது. அவர்கள் கழற்றி வைக்கும் தொழில்நுட்பத்தை ‘உயர்திறன்’ என்று நாம் மாட்டுகிறோம் என்ற அவர்களின் எரிச்சல் நியாயமானது. லடாக்குக்கு ஸ்ரீநகர் வழியாக 2019இல் 220 கிலோவோல்ட் மின்தடமும் வந்துவிட்டது. ஆயினும் கடுங்குளிரில், மெல்லிய காற்றில், காப்பில்லாத வீட்டுக்கு 14.5 கிலோவாட் தர வெப்ப எக்கியைக் கேட்டால், அது அந்நிலையில் சாதாரண மின் அடுப்பைவிடச் சற்றே மேலானதாகத்தான் இயங்கும். மின்தடை நேரத்தில் அதுவும் இல்லை. காப்பிட்ட வீட்டுக்கு அது தகுந்த விடை. நான் எண்ணெய்க்கு எதிரி என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்: மாற்று ஏற்பாடு நிலைபெறும் வரை ஒரு சிறிய, எளிய, இந்த உயரத்துக்கெனச் சீரமைத்த டீசல் கலன் துணையாக இருக்கலாம். நான் எதிர்ப்பது வரிசையை.

வரிசை ஏன் முக்கியம்? கூரைக்குக் காப்பிட்டால் தேவை 14.5லிருந்து 9.4 கிலோவாட்டாகக் குறைகிறது. அதே ரேடியேட்டர்கள் இன்னும் குளிர்ந்த நீரைக் கொண்டே வீட்டைச் சூடாக வைத்திருக்கும். கடுங்குளிரிலும் திரும்பு நீர் 41, 42 பாகைக்கு வரும். சற்று இளகிய நாட்களில் 39க்குக் கீழேயும் போகும். அப்போதுதான் ஒடுக்க வகைக் கலன் தன் பெயருக்கு உரியதைச் செய்யத் தொடங்கும். அதாவது, கூரையை முதலில் செய்தால் கொதிகலனும் ஓரளவு உண்மையாகிறது. மூன்றில் ஒரு பங்கு சிறியதாக, விலை குறைந்ததாகவும் வாங்கலாம். கொதிகலனை முதலில் வாங்கினால், பின்னர் கூரை செய்யும்போது அது அளவுக்கு மீறிப் பெரிதாகி, நிமிடத்துக்கு நிமிடம் எரிந்து அணைந்து, உள்ள திறனையும் இழக்கும். இரண்டு வழியிலும் இரண்டு வேலைகளும் நடக்கின்றன. ஒன்றில் பணம் நிற்கிறது, மற்றொன்றில் புகைபோக்கி வழியே போகிறது.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அந்த லிட்டர் இங்கே வருவதற்கு டாங்கர் லாரிகள் கணவாய்களை ஏறிக் கடக்க வேண்டும். சோஜி லா பனியில் மூடுவதற்கு முன் குளிர்காலத்துக்கான எண்ணெயைச் சேமித்தாக வேண்டும். சாதாரண டீசல் இக்குளிரில் உறைந்து கெட்டியாவதால், சுழியத்துக்குக் கீழே 33 பாகை வரை ஓடக்கூடிய தனி வகை டீசலையே 2019இல் இங்கே கொண்டுவர வேண்டியிருந்தது. இவ்வளவு பாடுபட்டு ஏற்றிக் கொண்டுவந்த எண்ணெயின் கணிசமான பகுதியைக் கூரை வழியே வானத்துக்கு விடுவதைப் பற்றி, பனிப்பாறைகள் உருகுவதைக் குறித்து ஆண்டுதோறும் கருத்தரங்கு நடத்தும் நிறுவனம் ஒன்றும் சொல்வதற்கில்லையா?

இன்னொன்று உண்டு. எழுதக் கூச்சமாக இருக்கிறது, எழுதாமல் விடவும் முடியவில்லை. எங்கள் குழாய் வலை ஆசிரியர், அலுவலர் வீடுகளோடு நின்றுவிடுகிறது. ஒப்பந்தத் தொழிலாளர்கள் தங்கும் பின்புற வரிசைக்கு ரேடியேட்டர் கிடையாது. கொதிகலனுக்கு எண்ணெய் ஊற்றி, கரி சுரண்டி, இரவில் விழித்திருந்து காப்பவர் தம் அறையில் புகாரி அடுப்பில் விறகும் கிடைத்ததும் எரிக்கிறார். குளிர் புகாமலிருக்கச் சன்னல் இடுக்குகளில் துணி திணித்திருப்பார். அடுப்புப் புகைக்குழாய் அடைத்துக்கொண்ட ஓரிரவில் அந்தத் துணியே எமனாகலாம். மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டி உறங்கியவர்கள் விடியலில் எழாத செய்தி ஒவ்வொரு குளிர்காலத்திலும் வட மாநிலங்களிலிருந்து வருகிறது. புதிய கொதிகலனுக்கான செலவில் அந்தப் பின்வரிசைக் கூரைகளுக்குக் காப்பும், புகைக்குழாய்களுக்குப் பழுதுபார்ப்பும், அறைக்கொரு கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் வாங்கிய பிறகும் பணம் மீந்திருக்கும். சுற்றறிக்கையில் ‘குடியிருப்போர் அனைவரின் நலனுக்காக’ என்று ஒரு தொடர் வருகிறது. அங்கேயும் வகுக்கும் எண் எது என்று சொல்லப்படவில்லை.

ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்று: இரண்டாண்டுகளுக்கு முன், மாணவர் சார்பாளராக, இதே வகைக் கலனை ஆதரித்து முதற்கட்டக் குறிப்பில் கையொப்பமிட்டவர்களில் நானும் ஒருவன். அந்த 104ஐப் பார்த்து வியந்து, திரும்பு நீரின் வெப்பநிலையைக் கேட்காமல் ஒப்பமிட்டேன். அந்தக் கையொப்பத்தைத் திரும்பப் பெறுவதாக இன்று எழுத்துமூலம் கொடுத்துவிட்டேன்.

கொள்முதல் குழு வரும் வியாழக்கிழமை கூடுகிறது. மூன்று தாள்களை எடுத்துச் செல்கிறேன்: 19 நாள் திரும்பு நீர் அளவீடு, நிறைநிலை ஆவியழுத்த அட்டவணை, பனி பெய்த மறுநாள் எடுத்த இரு கூரைகளின் படம். முகவரிடம் கேட்கச் சொல்லப்போவது ஒன்றே: எங்கள் உயரத்தில், எங்கள் ரேடியேட்டர்களோடு, மொத்த வெப்ப மதிப்பில் உங்கள் கலன் தரும் எண்ணை ஒப்பந்தத்தில் எழுதித் தர முடியுமா? எழுதித் தந்தால், கூரைப் பணி முடிந்ததும் நானே அவர் கலனுக்குப் பரிந்துரைக்கிறேன். குழுவில் இருக்கும் ஐயாக்களும் அம்மையாரும் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். கணக்கில் பிழை இருந்தால் இங்கேயே திருத்துங்கள், வியாழனுக்குள் மாற்றிக்கொள்கிறேன்.